பூரணத்தின் கொழுப்பு

கடம்பன்குறிச்சி அரசுப் பள்ளியில் பதினெட்டு வருஷமாகச் சத்துணவு சமைக்கும் பூரணத்தின் உடம்பிலிருந்து முதல் கொழுப்பு கழன்று விழுந்தது ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் காலையில். பள்ளி மைதானத்து வேப்பமரத்தடியில் அவள் முப்பத்தெட்டாவது தோப்புக்கரணத்துக்கு உட்கார்ந்து எழுந்தபோது, கழுத்துக்குழியில் வெகுநேரமாகத் தேங்கி நின்ற வேர்வை வெளுத்து, பிறகு மஞ்சளாகி, கெட்டிப்பட்டு, ஆறிப்போன இட்லி ஒன்றின் அளவுக்குத் திரண்டு, ரவிக்கையின் மேல் வழுக்கி இறங்கி மண்ணில் பொத்தென்று விழுந்தது. காதைப் பிடித்த கையை விடாமல் குனிந்து பார்த்தவள், எண்ணிக்கை விட்டுப்போய்விடக் கூடாதென்று மிச்சமிருந்த பன்னிரண்டையும் போட்டு முடித்தாள்.

"என்னக்கா அது, வெண்ணெயா?" என்றாள் கூடவே தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்த மாடத்தி. சத்துணவுக்கூடத்தில் காய் நறுக்கிக் கொடுப்பவள்.

"வெண்ணெயா இருந்தா இந்நேரம் உன் மூக்கு அதுக்குள்ள இருக்குமேட்டி. தள்ளி நில்லு, நாறுது."

நாறத்தான் செய்தது. ஆட்டுக்கறி வைத்த சட்டியைக் கழுவாமல் மறுநாள் மத்தியானம் வரை மூடிப்போட்டால் வருகிற நாற்றம், அதோடு பழைய தலையணை உறையின் நாற்றம், அதற்கும் அடியில் இன்னதென்று சொல்ல முடியாத, ஆனால் தன்னுடையதுதான் என்று பூரணத்துக்கு உடனே தெரிந்த ஒரு நாற்றம். வாழை இலைக்கிழிசலில் அதை ஒதுக்கி எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்த பியூலா சிஸ்டர் முதலில் பூரணத்தை எடை பார்த்தாள், பிறகு இலையை எடை பார்த்தாள். பூரணத்தில் நூறு கிராம் குறைந்திருந்தது, இலையில் நூறு கிராம் இருந்தது.

"நல்லதுக்கா," என்றாள் சிஸ்டர், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "நெறைய பேருக்கு வெறும் தண்ணியா இறங்கும், இல்லேன்னா சதை கரையும். உங்களுக்குச் சுத்தமா கொழுப்பு மட்டும் போகுது. இப்படியே விடாம செய்ங்க."

இந்தத் தோப்புக்கரண வேலையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே சிஸ்டர்தான். ஐம்பத்தொரு வயதில் பூரணத்தின் முழங்கால் இரண்டும் கதவுக் கீல் மாதிரி கத்த ஆரம்பித்தன. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். அவள் பத்து நாள் ரசத்தண்ணி குடித்துப் பட்டினி கிடந்தாள். பதினோராம் நாள், நூற்றுநாற்பது பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிய அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கும்போது கை நடுங்கி அரை அண்டாச் சோறு சாம்பலில் போயிற்று. அந்த அண்டாவை அவள் ஒற்றை ஆளாக இறக்குவாள். மாடத்தி ஒரு பக்கம் பிடிப்பது பார்வைக்குத்தான். சிஸ்டர் கேள்விப்பட்டு வந்து திட்டினாள்: பட்டினி கிடந்தால் உடம்பு முதலில் சதையைத் தின்னும், கொழுப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும், சதை போய்விட்டால் அப்புறம் அண்டாவை யார் தூக்குவது? ஆகவே காலையில் அவித்த முட்டை இரண்டு, முளைகட்டிய பயறு ஒரு கிண்ணம், மத்தியானம் ஒரு கைச் சோறும் இரண்டு கைக் கொண்டைக்கடலையும், சாயங்காலம் மோர், எண்ணெய்ப் பலகாரம் கிடையாது. மணல் நிரப்பிய வாளி கைக்கு ஒன்றாகத் தூக்கி மைதானத்தைச் சுற்ற வேண்டும், தோளில் அரை மூட்டை அரிசியோடு தோப்புக்கரணம் போட வேண்டும், குனியும்போது முதுகு வளையாமல் முழங்காலும் இடுப்பும் மடங்க வேண்டும், ராத்திரி நேரத்தோடு தூங்க வேண்டும், அவசரமே கூடாது, வாரத்துக்கு அரைக்கிலோ போதும்.

பூரணத்துக்குத் தன் முழங்காலைவிடவும் அண்டாவைவிடவும் பெரிய கவலை ஒன்று வீட்டுக்குள் இருந்தது. அது அவள் மகள் செண்பகம். மூன்று வருஷத்துக்கு முன்பு, குழம்பில் உப்புக் கூடிப்போன ஒரு நாளில், செண்பகத்தின் புருஷன் ஜெயக்கொடி அவள் இடது கையைக் கதவு நிலையில் வைத்துக் கதவைச் சாத்தினான். சாத்திவிட்டு, கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, உப்பைப் பற்றிப் பேசி முடித்தான். மோதிர விரலும் சுண்டு விரலும் இன்றைக்கும் மடங்காது. மறுநாள் பஸ் ஏறி அம்மா வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஊருக்குள் ரவிக்கை தைத்துக்கொண்டு, அதிகம் பேசாமல், தெருவில் கார் சத்தம் கேட்டால் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை புருஷன் வீட்டார் அவளை அழைத்துப்போக வருவார்கள். அப்போதெல்லாம் வாசலில் நின்று அவர்களைத் திருப்பி அனுப்பியது பூரணத்தின் வாய்தான். முதல் வருஷம் ஜெயக்கொடியின் அம்மா வெள்ளத்தாயி வந்து, வீட்டில் மகனுக்குச் சோறு பொங்க ஆளில்லை என்று மூக்கைச் சிந்தினாள். "அதுக்கென்ன மயினி, உங்க பிள்ளையக் கூட்டியாந்து எங்க பள்ளிக்கூடத்துல ஒண்ணாங்கிளாசுல சேத்துவிடுங்க, நானே முட்டையோட போடுதேன்," என்றாள் பூரணம். அடுத்த வருஷம் பட்டுச்சேலையும் பூவுமாக வந்தார்கள். "பூவைக் கொண்டுபோயி உங்க கதவிடுக்குல வச்சுச் சாத்திப் பாருங்க, அது கத்தாது," என்றாள். அடிதடி இல்லை, கூச்சல் இல்லை. ஒரு வாக்கியம், அதற்குமுன் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். வந்தவர்கள் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். "பூரணத்துக்குக் கொழுப்பு ஜாஸ்தி," என்று ஊர் சொன்னது. அவள் புருஷன் சண்முகையாவும் சொன்னார். அவர் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், யாரோடும் சண்டை வேண்டாம் என்பதைத் தவிர வேறு அபிப்பிராயம் இல்லாதவர். "அவளுக்கு உடம்பு பூரா கொழுப்பு," என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். ஊர் அந்தச் சொல்லை எந்த அர்த்தத்தில் சொல்லி வந்ததோ, அந்த அர்த்தமும் மற்ற அர்த்தமும் ஒரே இட்லியாக உருண்டு விழும் என்று யார் நினைத்தார்கள்.

ஆவணி பிறப்பதற்குள் மைதானத்தில் இருபத்துமூன்று பெண்கள் சேர்ந்துவிட்டார்கள், இருபத்துமூன்று பேருக்கும் விழுந்தது. பீடி சுற்றுகிறவர்களுக்குச் சற்றே பழுப்பாக, வாத்தியார் பெண்டாட்டிக்கு வெளுப்பாக, மாடத்திக்கு வேர்க்கடலை அளவில் பொடிப்பொடியாக. ஊர் இதைக் கண்டு பயப்படவுமில்லை, அதிசயப்படவுமில்லை; எங்கே போடுவது என்பதுதான் பேச்சாக இருந்தது. நாய்க்கு வைத்தால் நாய் முகர்ந்துவிட்டுப் போய்க் கக்கியது. காக்கை கொத்தவில்லை. புதைத்தால் மண் வாங்காமல் மழைக்கு மேலே வந்து, நனைந்த சோப்பு மாதிரி வழுவழுவென்று வழியில் கிடந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சறுக்கி விழவைத்தது. குப்பை வண்டிக்காரர்கள் இது மக்கும் குப்பையா மக்காத குப்பையா என்று இரண்டு நாள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு, கடைசியில் இரண்டும் இல்லை என்று வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விளக்குக்கு ஊற்றலாமே என்று அம்மன் கோயிலுக்கு எடுத்துப்போனதற்குப் பூசாரி, "அம்மைக்கு ஏற்கெனவே இருக்கதே நான் சமாளிக்க முடியாம கெடக்கேன்," என்று கதவடைத்தார். வேறு வழியில்லாமல் அவரவர் கொழுப்பை அவரவர் வீட்டு எவர்சில்வர் தூக்குச்சட்டியில் போட்டு மூடிப் பரணில் வைத்தார்கள். மூடியபிறகு உள்ளேயிருந்து முணுமுணுப்புக் கேட்டது. அந்தந்த வீட்டுக்காரியின் குரலில், "போங்கவே வேலையத்தவனுவளா," என்றோ, "உம்ம வேட்டிய நீரே தொவையும்," என்றோ, கொதிக்கும் உலைபோல நாளெல்லாம். அதற்கும் பழகிப்போயிற்று.

பழகாதது வேறொன்று. பெண்கள் இளைத்தார்கள், நிமிர்ந்தார்கள், தோள் திரண்டது, படியேற மூச்சு வாங்கவில்லை. வாயில் மட்டும் புதிதாக ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தச் சீமைப் பேச்சில் அதிகம் புழங்காத 'சரிங்க' அது. தண்ணீர் வராத குழாயடியில் நின்று சரிங்க என்றார்கள். ரேஷன் கடையில் சாக்கோடு சேர்த்து எடை போட்டால் சரிங்க என்றார்கள். புருஷன் தட்டை வீசினால் பொறுக்கி எடுத்துச் சரிங்க என்றார்கள். ஊர் நிம்மதியாக இருக்கிறது என்று ஆண்கள் சொல்லிக்கொண்டார்கள். சண்முகையா முப்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சாப்பிட்டுவிட்டுத் திண்டில் சாய்ந்து ஏப்பம் விட்டார். அந்த ஏப்பத்தைக் கேட்டதும் பூரணம் மோர்ச்செம்போடு திரும்பி நின்றாள். ஆனால் ஏதாவது சொல்லலாமென்று வாயைத் திறந்தால், "இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தட்டுமாங்க?" என்றுதான் வந்தது.

தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்த நாள் புரட்டாசியில். முட்டை லாரிக்காரன் பழைய முட்டைகளை இறக்கினான். முன்பொரு தடவை அவன் இப்படிச் செய்தபோது, அவனையே உட்காரவைத்து ஒன்றை உடைத்து மூக்குக்கு நேரே நீட்டி, "மோந்து பாத்துட்டு உம்ம பிள்ளைக்கு ஊட்டுவீரான்னு சொல்லும்," என்றவள் அவள். இந்தத் தடவை, "எப்படிம்மா, நல்லாயிருக்கா?" என்று அவன் பல்லைக் காட்டிக் கேட்டான். "நல்லாயிருக்குங்க," என்றாள் பூரணம். லாரி போனபின் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள், அத்தனையும் மிதந்தது. உடைத்தால் கறுப்பாக, கலங்கிய சாக்கடையாக ஓடியது. நூற்றுநாற்பது முட்டையையும் மைதானத்து மூலையில் குழிதோண்டிப் புதைத்தாள். அன்று பிள்ளைகள் வெறும் சோறு தின்றார்கள். கையை எத்தனை தடவை கழுவியும் அந்த 'நல்லாயிருக்குங்க' நாக்கிலிருந்து போகவில்லை. மறுநாள் மைதானத்துக்குப் போகாமல் இருந்து பார்த்தாள். அண்டா தூக்குவதே போதுமானதாக இருந்தது போலும். தோள்பட்டையடியிலிருந்து ஒரு துண்டு தானாகவே வழுக்கி விழுந்தது.

அந்த வாரத்தில்தான் தபால்காரர் வீட்டில் தவறு நடந்தது. பரணிலிருந்து நெய்த்தூக்கை எடுக்கிறேன் என்று பக்கத்துத் தூக்கை எடுத்து, அவர் பெண்டாட்டி தன் கொழுப்பிலேயே அவருக்குத் தோசை வார்த்துவிட்டாள். யாரைக் கண்டாலும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கிற மனிதர், அன்று ஆபீசுக்குப் போய்த் தன் மேலதிகாரியை, "என்னவே, முத்திரைக் கட்டையக் கையில வச்சிருந்தா நெத்தியில குத்திருவீரோ?" என்று கேட்டார். அது அச்சு அசலாக அவர் பெண்டாட்டியின் பேச்சு. சாயங்காலத்துக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்தது. மறுநாளிலிருந்து ஆண்கள் தூக்கை இறக்கிச் சுடுசோற்றில் ஒரு கரண்டி போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, உருகி மஞ்சளாக ஓடுவதைப் பிசைந்து தின்றார்கள். உதட்டோரம் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தார்கள். தின்றுவிட்டுத் தெருவில் இறங்கி, பெண்டாட்டிமாரின் குரலில், பெண்டாட்டிமாரின் கேலியை, ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டார்கள். வார்டு உறுப்பினர் வாத்தியார் வீட்டுத் தூக்கைக் கேட்டு ஆள் அனுப்பினார். எடுத்துக்கலாமா என்று கேட்டால், பெண்கள் என்ன சொல்வார்கள் என்பதுதான் தெரியுமே.

பூரணம் தன் வீட்டுப் பரணைப் பார்த்தாள். அவள் தூக்கு இருந்த இடத்தில் வட்டமாக எண்ணெய்க்கறை மட்டும் இருந்தது.

"தூக்கு எங்கங்க?"

"அதா," என்றார் சண்முகையா, வெற்றிலையை மடித்துக்கொண்டே. "மாப்பிள்ளை டவுன்ல பாத்துக் கேட்டாரு. குடுத்தேன். இங்க வச்சு என்ன செய்ய, நாத்தம் தாங்கல. அதுவும் ராவும்பகலும் என்னையே பேசிக்கிட்டிருந்துச்சு."

"முழுசுமாங்க?"

"தூக்கோட."

மூன்று மாதத்தில் அவள் உடம்பை விட்டு இறங்கிய ஆறு கிலோ. உள்ளறையில் செண்பகத்தின் மிஷின் சத்தம் நின்றது. இருவரும் அதைக் கேட்டார்கள். "சரிங்க," என்றாள் பூரணம்.

அவர்கள் ஐப்பசி வியாழக்கிழமை ஒன்றில், பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் வந்தார்கள். கார் டீக்கடை முக்கிலேயே நின்றது. வெள்ளத்தாயி முன்னால் வந்தாள், பின்னால் ஜெயக்கொடி. அவன் நன்றாகத் தேறியிருந்தான், கன்னம் பளபளத்தது, உதட்டின் இரண்டு ஓரத்திலும் மஞ்சளாக மினுக்கம் காய்ந்திருந்தது. வாசற்படியிலேயே நின்று, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, டக் என்று அந்தச் சின்னச் சத்தத்தைப் போட்டான்.

பூரணத்துக்கு, தான் வாயில் போட்டு மென்ற வெற்றிலையை இன்னொருவன் பொறுக்கி மெல்வதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"என்னத்தே," என்றான் ஜெயக்கொடி, "பொண்ணை உள்ள பூட்டி வச்சு மூணு வருசமா சோறு போடுதியளே, இது வீடா சத்துணவுக்கூடமா? முட்டையும் உண்டோ?"

வெள்ளத்தாயி குலுங்கிச் சிரித்தாள். சண்முகையாவும், மரியாதைக்கு, கொஞ்சம் சிரித்தார்.

"வாங்க மாப்பிள்ளை. உள்ள வாங்க. காப்பி குடிக்கியளா?" என்றாள் பூரணம்.

"காப்பி இருக்கட்டும். நான் அவளக் கூட்டிட்டுப் போறேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

செண்பகம் உள்ளறை வாசலில் வந்து நின்றிருந்தாள். கழுத்தில் தையல்நாடா தொங்கியது. அவள் அவனைப் பார்க்கவில்லை. அம்மாவின் வாயைப் பார்த்தாள். மூன்று வருஷமாக அந்த வாய்க்குப் பின்னால்தான் அவள் குடியிருந்தாள். பூரணம் தேடினாள். அடிவயிற்றிலிருந்து தொண்டை வரை, காலிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவுகிற மாதிரி, ஒரு சொல்லாவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்று துழாவினாள். கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"இல்லைங்க," என்றாள். "கூட்டிட்டுப் போங்க."

செண்பகம் கழுத்திலிருந்த தையல்நாடாவைக் கழற்றிச் சுருட்டினாள். அவள் உள்ளே போனாள். பெட்டி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"ஏட்டி, சீக்கிரம் வா," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான் ஜெயக்கொடி. "வீட்டுக் கதவெல்லாம் உன் கையைத் தேடுது."

அது பூரணத்தின் கேலி அல்ல. அவளுடைய நாக்குச்சத்தத்தை முன்னால் போட்டு, அவளுடைய இழுவையில் இழுத்து, அவளுடைய எண்ணெயில் பொரித்து எடுத்த, அவனுடைய சொல். தன் கொழுப்பு இவன் வாய்க்குள் போய் இப்படியும் பேசும் என்பதைக் கேட்டபோது பூரணத்துக்கு வாந்தி நெஞ்சு வரை வந்தது, வாய் அதையும் மரியாதையாக விழுங்கிக்கொண்டது.

ஆனால் சதைக்கு வாய் கிடையாது. யாருக்கும் அது சரி சொல்லிப் பழகியதில்லை. தினமும் பன்னிரண்டேகாலுக்கு அண்டாவின் முன்னால் நிற்கும்போது எப்படி நிற்குமோ அப்படி அவள் கால்கள் தோளகலத்துக்கு விலகின. முதுகு நேரானது. முழங்காலும் இடுப்பும் மடங்கின. "கொஞ்சம் கையத் தூக்கிக்கிடுங்க மாப்பிள்ளை," என்று சொல்லிக்கொண்டே, ஜெயக்கொடியின் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டு, அவனை அலாக்காகத் தூக்கித் தோளில் கவிழ்த்துக்கொண்டாள். அண்டாவைவிடக் கனம்தான். ஆனால் அண்டா சுடும்.

"இறக்கு! ஏ கெழவி, இறக்குட்டி என்னைய!"

"சரிங்க," என்றாள் பூரணம், அவனோடு வாசற்படி இறங்கினாள்.

"எங்க கொண்டு போறே?"

"தெரியலைங்க."

"கீழ விடு!"

"சரிங்க. இப்ப விட்டுருதேங்க."

வாய் ஒவ்வொன்றுக்கும் ஒப்புக்கொண்டது, கைகள் ஒன்றையும் கேட்கவில்லை. தெரு வாசலுக்கு வந்தது. அவன் அவள் முதுகுப் பக்கம் தலைகீழாகத் தொங்கியபடி, பதினெட்டு வருஷத்து அவள் பேச்சையெல்லாம் அவளையே பேசினான். லாரிக்காரனுக்குச் சொன்னது, மேஸ்திரிப் புருஷனுக்குச் சொன்னது, தன் மாமியாருக்குச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது. அவன் வாயிலிருந்து வெதுவெதுப்பாக எச்சில் அவள் இடுப்பு மடிப்பில் வழிந்தது. அவன் போட்டிருந்த சென்ட்டுக்கு அடியில் அவளுடைய நாற்றமே அவன்மேல் அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பின்னால் வெள்ளத்தாயி, "எய்யா, எம் பிள்ளை, எம் பிள்ளை," என்று மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். மாடத்தி தன் வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "உக்காருங்கம்மா, களைச்சுப் போவீய," என்றாள். வெள்ளத்தாயி உட்கார்ந்ததும், மாடத்தி ஒரு பக்கமும் வாத்தியார் பெண்டாட்டி ஒரு பக்கமுமாக நாற்காலியோடு தூக்கிக்கொண்டு, பணிவாக, பூரணத்தின் பின்னால் வந்தார்கள்.

காரில் அவனை உட்கார்த்திவிட்டுத் திரும்பினாள். இருபது அடி வருவதற்குள் அவன் இறங்கி ஓடிவந்து வீட்டுப் பக்கம் போனான். "பாத்துப் போங்க," என்று சொல்லி அவனைத் திரும்பத் தூக்கினாள். மறுபடி கார், மறுபடி ஓட்டம். நான்கு தடவை. டீக்கடையில் தூக்குச்சோறு தின்ற ஆண்கள் முதல் தடவைக்குக் கேலி பேசினார்கள், இரண்டாவதற்குச் சிரித்தார்கள், மூன்றாவதற்கு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் நகர்ந்து நின்றார்கள். ஐந்தாம் தடவை கார் கதவை எட்டுவதற்கு முன்பே தோளில் அவன் வயிறு இரண்டு முறை எக்கியது. நடுத்தெருவில் கக்கினான்.

கக்கக் கக்க வந்தது. கட்டிகட்டியாக, பாதி செரித்து, சோற்றுப்பருக்கையும் கோழையும் ஒட்டிக்கொண்டு, மஞ்சளும் பச்சையுமாகத் தார் ரோட்டில் குவிந்து, வெயிலில் ஆவி பறந்தது. எல்லாம் வந்தபின் அவன் துணிமூட்டை போலத் தொங்கினான். கீழே விட்டதும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பூரணம் முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டாள்.

"அத்தே," என்றான், மூக்கு ஒழுக. "நான் போயிடட்டுமா?"

"சரிங்க."

அவனே காருக்குள் ஏறிக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டான். வெள்ளத்தாயியை நாற்காலியோடு பின்சீட்டுக்கு நேராக இறக்கிவைத்தார்கள்.

கார் போனபின் தெருவே அந்தக் குவியலைச் சுற்றி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. அது இன்னும் பேசிக்கொண்டிருந்தது. சளி கட்டிய தொண்டையாக, பூரணத்தின் குரலில், "ஏட்டி பூரணம், என்ன வேடிக்கை பாக்கே? எடுத்து வாயில போடு. நான் இல்லாம என்னத்தப் பேசிக் கிழிக்கப்போற?" என்றது. ஊர் அவளைப் பார்த்தது.

சண்முகையா ஒரு கரண்டியும் கிண்ணமுமாக வந்தார். மனைவியின் தோளை அவர் இதற்குமுன் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. "எடுத்துத் தின்னுரு பூரணம்," என்றார். "நல்லா அலசிட்டு. எனக்குப் பழையபடியே இருந்தாலும் பரவாயில்ல."

பூரணம் குனிந்தாள். அவளுடையதுதான். அவள் மூன்று வருஷம் மகளைக் காத்தது இதுதான். அதில் அவன் பல் பட்ட தடம் இருந்தது, அவன் குடல் பட்ட நிறம் இருந்தது, அவன் உப்பு இருந்தது. கரண்டியை வாங்கினாள். அதன் நுனியை அருகில் கொண்டுபோனாள். உதடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, பல் கட்டிக்கொண்டது, எந்த மரியாதைக்கும் திறக்க மாட்டேன் என்றது. கரண்டியைப் புருஷனிடமே கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். குவியல் பொழுது சாயும்வரை பேசி, பேச்சு தேய்ந்து, வெயிலுக்கு இளகி, சாக்கடைக்குள் இறங்கிப்போயிற்று. அன்று சாயங்காலம் பதினோரு வீடுகளில் பரணைத் துழாவிய ஆண்களுக்குத் தூக்கு அகப்படவில்லை. எங்கே என்று கேட்டதற்கு, "தெரியலைங்க," என்றார்கள் அந்த வீட்டுப் பெண்கள், அம்மிக்கல்லை ஒரு கையால் நகர்த்திப் போட்டுக்கொண்டே.

பூரணம் சீயக்காய் போட்டு ஒரு தடவை குளித்தாள். மஞ்சள் அரைத்துப் பூசி இன்னொரு தடவை. வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் இன்னொன்று. நனைந்த சேலையோடு உள்ளே வந்தபோது, செண்பகம் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். மடங்காத இரண்டு விரல்களும் துணிக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் பூரணம்.

செண்பகம் திரும்பினாள். "எனக்குமாம்மா 'ங்க'?"

பூரணம் மகளைப் பார்த்தாள். ஏட்டி என்று கூப்பிடப் பார்த்தாள். பெற்றெடுத்த நாளிலிருந்து கூப்பிட்ட சொல்தான். உதட்டைக் குவித்து, விரித்து, மறுபடி குவித்தாள். கண் நிறைந்தது.

"வரலைங்க," என்றாள்.

செண்பகம் துணியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அம்மாவின் ஈரக்கையைப் பிடித்து, கல்லுப்போல் இறுகிக் கிடந்த மேல்கையில் மூக்கை வைத்து, ஆழமாக இழுத்தாள். முகம் கோணியது.

"இன்னும் நாறுதுட்டி பூரணம்," என்றாள்.

பூரணம் மற்றக் கையையும் நீட்டினாள்.